விட்டுப்போன தெரு

கேன்காரருக்கு வழி போகத் தெரியும், சொல்லத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் சுற்றிய வழிதான். இருந்தாலும் வயிற்றில் தையல் போட்டுக் கட்டிலில் படுத்த பிறகுதான் இந்த விஷயம் வீட்டுக்குத் தெரியவந்தது.

குடலிறக்கம். வலது அடிவயிற்றில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்ததை இரண்டு வருஷமாகப் பெல்ட்டை இறுக்கிக் கட்டியே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் அது உள்ளே போகமாட்டேன் என்றுவிட்டது. அன்றைக்கே அறுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "மூணு மாசத்துக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாது" என்றார்.

"ஒரு குடம் தண்ணிகூடவா?" என்று கேட்டாள் மனைவி.

"அதுவும்தான். என்ன வேலை பாக்கறார்?"

"இருபது லிட்டர் தண்ணி கேன் போடுறாருங்க."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கடை என்றால் ஒரு ஷட்டர், அதற்குப் பின்னால் ஒரு அறை, அதற்கும் பின்னால் அடுப்பு. ஷட்டருக்குள் நீலக் கேன்கள் இரண்டு அடுக்காக நிற்கும். பின்னறையில் கட்டில். கட்டிலில் படுத்தால் கேன்களுக்கு நடுவே தெருவில் ஒரு முழம் தெரியும். வெளியே மூணு சக்கர மிதிவண்டி. அது ஒரு நடைக்கு இருபத்து நாலு கேன் தாங்கும். அவர் மனைவியைத் தெருவே கடைக்காரம்மா என்று கூப்பிட்டது. போனில் யாருக்கு எத்தனை என்று கேட்டு வைப்பது, காலிக் கேனைக் கழுவிக் கவிழ்ப்பது, கம்பெனி வண்டி வந்தால் எண்ணி இறக்குவது எல்லாம் அவள் பாடு. வண்டியோடு அவள் ஒரு நாளும் போனதில்லை. போகவேண்டிய அவசியம் வந்ததில்லை.

இப்போது வந்தது. சாயங்கால நடை சின்னது, பக்கத்துக் கடைகளோடு முடிந்துவிடும். காலை நடைதான் சோறு. கீழே பத்து வீடு, மேட்டுத் தெருவில் பதினாலு வீடு. மேட்டுத் தெருக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிப்பார்கள், எட்டரைக்குப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த அரைமணி நேரத்துக்குள் பதினாலு கேன் ஏறியாக வேண்டும்.

கடைக்காரம்மா தன் தம்பியைக் கூப்பிட்டாள். சுவருக்கு வெள்ளையடிக்கிறவன், ஊரில் பெயிண்டர் என்றால் போதும். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒன்பதரைக்குத் தன் வேலைக்குப் போய் நின்றாக வேண்டும். அதுவரைக்கும் அக்காவுக்கு ஆகட்டும் என்று வந்தான். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை, காதில் செருகிய பென்சிலை எடுத்து, கலர் மாதிரி அட்டையின் பின்பக்கத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க மாமா."

"கடையிலேருந்து கெளம்பினா மொதல்ல வலக்கைப் பக்கம். கொஞ்ச தூரத்துல நாய் குலைக்கும். அந்த வீடு இல்ல. அதுக்கு எதிர் வீடு."

"நாய் எந்த வீட்டுது?"

"அதான் குலைக்குமே."

"அந்த நாய் செத்து மூணு வருஷமாச்சுன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க" என்றாள் கடைக்காரம்மா அடுப்படியிலிருந்து.

கேன்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "செத்துதான் போச்சு. ஆனா எடம் அதுதான்."

"சரி, செத்த நாய்க்கு எதிர் வீடு" என்று எழுதிக்கொண்டான் பெயிண்டர். "அடுத்து?"

"அடுத்து டெய்லர் மாடி. இருபத்தேழு படி. பதினெட்டாவது படியில தோள் மாத்திக்கணும். மேல போனதும் கேனைக் கீழ வச்சிட்டுத்தான் கதவைத் தட்டணும். தோள்ல வச்சிக்கிட்டுத் தட்டினா அந்தம்மா மெதுவாதான் வரும்."

"டெய்லருக்கு அப்புறம் யாரு?"

"இரு." கண்ணை மூடினார். "கடையிலேருந்து கெளம்பினா மொதல்ல வலக்கைப் பக்கம். கொஞ்ச தூரத்துல நாய்..."

"மாமா, அதெல்லாம் எழுதியாச்சு. நடுவுலேருந்து வராதா?"

"வண்டி நடுவுலேருந்தா கெளம்புது?"

இப்படியே எட்டு தடவை கடையிலிருந்து கிளம்பி, எட்டு தடவை செத்த நாயைத் தாண்டி, மத்தியானச் சோற்றுக்குள் வழி முழுக்க அட்டையில் ஏறியது. பெயிண்டர் எழுந்து இடுப்பை நிமிர்த்தினான். "வண்டி மிதிச்சிருந்தாக்கூட இவ்வளவு அலுத்திருக்காது" என்றான்.

முதல் நாள் ஏற்றுவதிலேயே தப்பு நடந்தது. முதலில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்றினான். மனுஷனுக்கு அப்படித்தானே தோன்றும். நாய் வீட்டுக் கேன் அடியில் போய், மேட்டுத் தெருக் கேன் எல்லாம் அதைச் சுற்றி நின்றது. ஒன்றை எடுக்க ஆறை இறக்கினான். கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்ற வேண்டும் என்று அன்றைக்குச் சாயங்காலம் கேன்காரர் சொன்னார். "இதைக்கூடச் சொல்லணுமாடா?" என்றார். "நீங்க நாயைச் சொன்னீங்களே மாமா, அந்த மாதிரி இதையும் சொல்லியிருக்கலாம்" என்றான் அவன்.

இரண்டாம் நாள் சரியாக ஏற்றிக்கொண்டுதான் போனான். கீழ்வீடுகள் எல்லாம் ஏழரைக்கே முடிந்துவிட்டன. கடைசி வீடு ஆஸ்பத்திரிச் சந்து. அங்கிருந்து அட்டையில் எழுதியபடி மெயின் ரோட்டுக்குத் திரும்பி இறங்கி, பெட்ரோல் பங்கைத் தாண்டி, கிடங்கின் நீண்ட மதிலைச் சுற்றி, மேட்டுத் தெருவின் பின்பக்க ஏற்றத்துக்கு வந்தான். அந்த ஏற்றம் சுவரில் சாத்திய ஏணி மாதிரி. கேன்காரர் பங்கிலிருந்தே வேகம் பிடித்து வந்து, பாதியில் குதித்து இறங்கி, வயிற்றைக் கைப்பிடியில் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே ஏறிவிடுவார். அது அவருக்கும் அந்த வண்டிக்கும் பழகின பழக்கம். பெயிண்டர் தள்ளினால் வண்டி அவனைத் தள்ளியது. ஏழு கேனை மதிலோரம் இறக்கி வைத்துவிட்டு ஏழோடு ஏறி, திரும்பி வந்து மறுபடி ஏழோடு ஏறினான். மேலே போனபோது மணி ஒன்பது பத்து. தெரு முழுக்கப் பூட்டு தொங்கியது.

மூன்றாம் நாளும் பூட்டு. நாலாம் நாள் இரண்டு வீடு திறந்திருந்தது, அதுவும் காய்ச்சலில் படுத்தவர்கள்.

ஐந்தாம் நாள் மேட்டுத் தெரு டீச்சர் போன் செய்தாள். நல்ல மனுஷி, கேனை உள்ளே வைத்தால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறவள். "ஏம்மா கடைக்காரம்மா, அஞ்சு நாளா குழாய்த் தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சிட்டு ஓடுறேன். அவர் உடம்புக்கு முடியலன்னு தெரியுது. அதனாலதான் வாயத் திறக்கல. ஆனா இங்க மோட்டார் வண்டிக்காரன் ஒருத்தன் வந்து ஒவ்வொரு கதவுலயும் நம்பர் ஒட்டிட்டுப் போயிருக்கான். நாலு வீட்டுல அவனுக்குப் போன் பண்ணிட்டாங்க. நான் இந்த வாரம் பாக்கறேன். அப்புறம் என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

"உங்களை எதுக்குங்க தப்பா நினைக்கப்போறேன்" என்று போனை வைத்தாள். கை மட்டும் வெகுநேரம் போன் மேலேயே இருந்தது. மேட்டுத் தெரு போனால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போகலாம். அது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் கடையில் ஆள் வரத்து இல்லாத நேரத்தில் தரையைத் துடைத்துவிட்டு, சாக்பீஸால் கோடு இழுத்தாள். கடை, கடைத்தெரு, மெயின் ரோடு. அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய கேன் மூடி ஒன்றை வைத்தாள். நாய் வீட்டுக்கு ஒன்று, டெய்லருக்கு ஒன்று, ஆஸ்பத்திரிச் சந்துக்கு மூன்று. மேட்டுத் தெருவுக்குப் பதினாலு மூடியையும் வரிசையாக வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தாள்.

ஆஸ்பத்திரிச் சந்துக்கும் மேட்டுத் தெருவுக்கும் நடுவே ஒரு சாண் தரை வெறுமையாகக் கிடந்தது. அந்த ஒரு சாணைத் தாண்ட, வண்டி கீழே இறங்கி, கடை வரைக்குமே திரும்பி வந்து, தரையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. குழந்தை பிடித்த பென்சில் மாதிரி இருந்தது அந்தக் கோடு.

நடுவில் கிடந்த வெறுந்தரை மெத்தைக்கடைத் தெரு. நேரே போய் மேட்டுத் தெருவில் முட்டும், சாய்வும் அதிகமில்லை. அங்கே கேன்காரரின் அண்ணன் மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் தம்பிக்குப் பதினெட்டு வருஷமாகப் பேச்சில்லை. அவள் கழுத்தில் தாலி ஏறியே பதினாறு வருஷந்தான். சண்டையும் சேர்ந்துதான் அவளுக்குக் கிடைத்தது, புருஷனோடு வந்த பழைய பெட்டி மாதிரி. அதைத் திறந்து பார்க்க அவள் ஆசைப்பட்டதில்லை.

பின்னறைக்குப் போனாள். அவர் தூங்கவில்லை.

"ஏங்க, ஆஸ்பத்திரிச் சந்துலேருந்து மெத்தைக்கடைத் தெரு வழியா ஏறினா மேட்டுத் தெருவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"பத்து நிமிஷம்."

"நீங்க சுத்திப் போறது?"

"எனக்கு முப்பது. பழகாதவனுக்கு ஒரு மணி நேரம்."

"அப்ப நாளைக்குத் தம்பி அந்தத் தெரு வழியா..."

"அந்தத் தெருவுல நம்ம வண்டி போகாது."

"தெரு என்ன உங்க அண்ணன் எழுதி வாங்கினதா?"

"போகாதுன்னா போகாது. விடியக்காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பச் சொல்லு. ஒரு மணி நேரம் முன்னாடி போனா எல்லாம் சரியாயிடும்."

"அஞ்சு மணிக்குப் போய் டெய்லர் கதவைத் தட்டினா, அந்தம்மா கத்தரிக்கோலோட வரும்."

அவருக்குச் சிரிப்பு வந்து, தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவள் தலையணையைச் சரி செய்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. நான் இத்தனை நாளா நீங்க அந்தத் தெருப் பக்கம் தலை வச்சுப் படுக்கறதில்லன்னுதான் நினைச்சேன். வண்டியவே சுத்தி வளைச்சுக் கொண்டுபோறீங்கன்னு தெரியாது. பதினெட்டு வருஷம். தினமும் அந்த ஏத்தத்துல வயித்தக் கொடுத்துத் தள்ளியிருக்கீங்க. உங்க குடலைத் தள்ளினது அந்த ஏத்தம்தான். தெரியுதா?"

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"டாக்டருக்கு வழி தெரியாதில்ல."

வெளியே யாரோ காலிக் கேனை வைத்துவிட்டு, "அம்மா, சாயங்காலம் ஒண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "சரிங்க" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அன்னிக்கு என்னதான் ஆச்சு?" என்றாள். "உங்க அப்பா போனப்போ நீங்க நடையில இருந்தீங்க, அண்ணன் காத்திருக்காம எடுத்துட்டார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். உங்களைத் தேடி ஆள் அனுப்பலியா?"

"அனுப்பினார்."

"எங்க தேடினாங்க?"

"டெய்லர் மாடி. ஆஸ்பத்திரிச் சந்து. எந்த நேரத்துக்கு எங்க இருப்பனோ, அந்த நேரத்துக்கு அங்கதான் தேடினாங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

கேன்காரர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அன்னிக்கு வழியை மாத்திட்டேன். மேட்டுத் தெருவை மொதல்ல முடிச்சிட்டேன். மேல முக்குல ஒரு கிளப் இருந்துச்சு. அங்க கேரம் போட்டி. அரையிறுதி. எட்டு மணிக்கு உக்காந்தவன் பதினொண்ணுக்குத்தான் எழுந்தேன். கீழ்வீட்டுக் கேன் எல்லாம் வண்டியிலேயே வெயில்ல கெடந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் அதையும் எறக்கிட்டு ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா இல்ல. பாய்கூடச் சுருட்டியாச்சு. 'ஊர் பூரா தேடினோம், நீ எங்க சுத்துறேன்னு எந்த நாய்க்குத் தெரியும்'னு அண்ணன் எல்லார் முன்னாலயும் கேட்டார். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதான்னு நான் கத்தினேன். எங்க இருந்தேன்னு மட்டும் வாயில வரல. அன்னிக்குச் சாயங்காலமே வண்டிய எடுத்துக்கிட்டு அந்தத் தெருவ விட்டு வந்துட்டேன்."

"ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டேன்."

அவள் அவர் காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை மடித்தாள்.

"அன்னிலேருந்து வழிய ஒரு நாளும் மாத்தினதில்ல. எத்தனை மணிக்கு எங்க இருப்பேன்னு இப்ப யார் வேணாலும் சொல்லிடலாம்" என்றார் கேன்காரர்.

நடுவிலிருந்து வழி சொல்ல வராத ஆளைத் தம்பி கிண்டல் செய்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து புடவையை உதறிச் செருகினாள்.

"நாளைக்கு நானும் வண்டியோட போறேன். மெத்தைக்கடைத் தெரு வழியா போறோம். உங்களுக்குக் கோபம்னா கட்டில்லேருந்து எழுந்து வந்து தடுங்க. டாக்டர் எழுந்து நடக்கலாம்னுதான் சொல்லியிருக்கார்."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெயிண்டர் வந்தான். அக்கா முடியை இறுக்கி முடிந்துகொண்டு, புருஷனுடைய பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "என்னக்கா, முதலாளி நேர்லயே வர்றீங்க?" என்றான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமா ஒத்துக்கிட்டாரா?"

"வேண்டாம்னும் சொல்லல."

"அப்ப ஒத்துக்கிட்ட மாதிரிதான். எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

இரண்டு பேரும் ஏற்றினார்கள். மேட்டுத் தெருக் கேன் பதினாலும் வண்டியின் பின்பக்கம், கீழ்வீட்டுக் கேன் பத்தும் முன்னால் என்று கணக்கு. பத்தாவது கேன் ஏறும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"மேட்டுத் தெருக் கேனைப் பின்னால வைக்காத."

இரண்டு பேரும் நின்றார்கள்.

"கீழ்வீடு பத்தும் எறங்கினதும் முன்னால காலியாயிடும். சாய்வுல ஏறும்போது முன் சக்கரம் தூக்கிக்கும். மெத்தைக்கடைத் தெரு பாக்கத்தான் சாதுவா இருக்கும். நடுவுல தண்ணிக் குழாய்கிட்ட ஒரு எடத்துல சட்டுனு தூக்கும். பதினாலையும் முன்னால தள்ளி வை. காலிக் கேனைப் பின்னால கட்டிக்க."

பெயிண்டர் அக்காவைப் பார்த்தான். அக்கா ஏற்றினதை எல்லாம் இறக்கினாள்.

டெய்லர் மாடியில் பதினெட்டாவது படியில் பெயிண்டர் தோள் மாற்றினான். ஆஸ்பத்திரிச் சந்தில் மூன்று கேனை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பியபோது மணி ஏழு முப்பத்தைந்து. அவள் பின்னால் தள்ளினாள். வண்டி மெத்தைக்கடைத் தெருவுக்குள் நுழைந்தது.

பஞ்சு அங்கே மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. மின்கம்பியிலும் ஜன்னல் கம்பியிலும் ஒட்டிக்கொண்டு ஆடியது. நாலாவது கடை வாசலில் பலகை போட்டு ஒரு மனுஷர் உட்கார்ந்து, பெரிய ஊசியால் மெத்தைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். புருவத்தில்கூடப் பஞ்சு. அவள் தூரத்தில் பார்த்திருக்கிற முகந்தான். கிட்டத்தில் அவள் புருஷனுடைய முகத்தை எடுத்து எட்டு வருஷம் வெயிலில் போட்ட மாதிரி இருந்தது. ஊசி பாதி இறங்கியபடியே நின்றது.

"நில்லு."

பெயிண்டர் பிரேக் பிடிக்கப் போனான். "நிறுத்தாத" என்றாள் அவள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "எட்டரைக்குள்ள மேல எறக்கணுங்க. நேரமில்ல. கேக்கறதா இருந்தா நடந்துக்கிட்டே கேளுங்க" என்றாள்.

மெத்தைக்காரர் ஊசியை மெத்தையிலேயே குத்திவிட்டு எழுந்து வந்தார். வண்டியோடு நடந்தார்.

"இந்த வண்டிய எனக்குத் தெரியும். பின் மட்கார்டை நாந்தான் வெல்டிங் பட்டறையில குடுத்துப் பத்த வச்சேன். அவன் எங்க?"

"ஆபரேஷன். குடலிறக்கம். பத்து நாளாச்சு."

"பத்து நாளாவா?" என்றவர், "அதான்" என்றார்.

"எதான்?"

"பத்து நாளா ஏழேகாலுக்கு டெய்லர் மாடிகிட்ட வண்டி இல்ல. வேற யாரோ ஏழு மணிக்கே நிக்கறாங்கன்னு சொன்னாங்க. என் மெத்தைய நான் ஒன்பதுக்கு மேலதான் தூக்கிக்கிட்டு வெளிய போவேன். அவன் நடை முடியட்டும்னு. அவன் எங்க இருப்பான்னு எனக்குத் தெரியும்ல."

பெயிண்டர் மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். "அடேயப்பா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம இருக்கறதுக்கே ஒரு ஆபீஸ் நடத்தியிருக்கீங்க" என்றான்.

"நீ முன்னால பாத்து மிதிடா" என்றாள் அக்கா.

தண்ணிக் குழாய் வந்தது. சொன்ன மாதிரியே தெரு சட்டென்று தூக்கியது. வண்டி தயங்கியது. பெயிண்டர் இறங்கிக் கைப்பிடியைப் பிடித்தான். மெத்தைக்காரர் அவள் பக்கத்தில் வந்து, வண்டியின் பின்பலகையில் இரண்டு கையையும் வைத்து முட்டுக்கொடுத்தார். கேன்களுக்குள் தண்ணீர் ஒரு தரம் பின்னால் சாய்ந்து, பிறகு அடங்கி வந்தது. முன்சக்கரம் தரையை விடவில்லை. மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளினார்கள். அந்த மூச்சு வாங்கலுக்கு நடுவில்தான் அவர் சொன்னார். முகத்தை வண்டிப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட என்ன சொல்லியிருக்கானோ தெரியாதும்மா. அன்னிக்குத் தேடிக் கிடைக்கலன்னுதான் நான் ஊர்ல சொன்னேன். கிடைச்சான். நம்ம கடையில பஞ்சு அடிக்கிறவன் ஒன்பது மணிக்கே பாத்துட்டு வந்துட்டான். கேரம் ஆடிக்கிட்டிருக்கார், கூப்பிடட்டுமான்னு கேட்டான். அப்பா கெடக்கறார், இவன் கேரம் ஆடுறானேன்னு எனக்கு வந்துச்சு பாரு. கூப்பிடாத, ஆடி முடிச்சிட்டு வரட்டும்னு சொல்லிட்டேன். சொல்லிட்டுப் பதினொரு மணி வரைக்கும் தெருமுனையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், அப்புறம் எடுத்துட்டோம். அவனுக்கு அப்பா போனதே தெரியாது. எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் கூப்பிடல."

அவள் கை வண்டியை விட்டுவிடும் போலிருந்தது. விடவில்லை.

மேட்டுத் தெரு முனையில் தெரு சமமாயிற்று. மெத்தைக்காரர் கையை எடுத்துவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ பக்குவமா எடுத்துச் சொல்லிடும்மா" என்றார்.

அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று அவள் வாய்க்கு இதுவரை பழக்கமில்லை. ஒரு கணம் தடுமாறித்தான் வந்தது.

"அத்தான், நான் தண்ணி மட்டுந்தான் கொண்டுபோய் எறக்குவேன். இத நீங்களே வந்து எறக்கிடுங்க."

ஏழு ஐம்பதுக்கு முதல் கேன் இறங்கியது. டீச்சர் வாயில் பிரஷ்ஷோடு வந்து கதவைத் திறந்து, பல் விளக்கியபடியே பெயிண்டரையும் கடைக்காரம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் துப்பிவிட்டு வந்தாள். "மோட்டார்காரனுக்கு நான் இன்னும் போன் பண்ணல" என்றாள். அவனுக்குப் போன் பண்ணிவிட்ட நாலு வீட்டில் இரண்டு வீடு, "நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவீங்களா?" என்று கேட்டது. ஒரு வீடு மோட்டார் வண்டிக் கேனைத் திறந்துவிட்டது, அது தீரட்டும் என்றது. ஒரு வீடு போனது போனதுதான். கடைசிக் கதவு பூட்டும்போது மணி எட்டு இருபத்தைந்து. பெயிண்டர் வண்டியை அக்காவிடம் விட்டுவிட்டுத் தூரிகைப் பையோடு பஸ் பிடிக்க ஓடினான்.

காலிக் கேனோடு இறங்குவது சுலபம். அவள் ஷட்டருக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது கேன்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை மணிக்கு முடிஞ்சுது?"

"எட்டு இருபத்தஞ்சு."

"குழாய்கிட்ட தூக்குச்சா?"

"தூக்கல. முன்னால கனம் இருந்துச்சு. பின்னால உங்க அண்ணன் கை வச்சார்."

அவர் வேட்டியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். "எதுவரைக்கும்?"

"தெரு முடியற வரைக்கும்."

"அந்த வயசுல அவ்வளவு தூரம் தள்ளக் கூடாது" என்றார். பிறகு, "என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. புருஷன் பதினெட்டு வருஷமாக மதிலைச் சுற்றிச் சுற்றித் தூக்கிக்கொண்டு போன கனத்தில் பாதி அவருடையதே இல்லை என்று இப்போதே சொல்லிவிடலாம். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாள்.

"வரச் சொல்லியிருக்கேன். வந்தா அவரே சொல்லுவார். கஞ்சி ஊத்தட்டுமா?"

மத்தியானம் கம்பெனி வண்டி வந்தது. அவர்கள் என்றைக்கும் போல ஐம்பது கேனையும் வாசலை அடைத்து இறக்கிவிட்டு, அவசரம் அவசரமாகப் போனார்கள். மற்ற நாளில் கால் மணி நேரத்தில் கேன்காரர் உள்ளே அடுக்கிவிடுவார். அவள் ஒவ்வொன்றாக உருட்டி, சாய்த்து, தள்ளிக்கொண்டிருந்தாள். பத்துக்கு மேல் கை ஓயவில்லை என்றாலும் இடுப்பு ஓய்ந்துவிட்டது. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள்.

திரும்பி வரும்போது கட்டில் காலியாக இருந்தது.

வாசலில் கேன்களுக்கு அந்தப் பக்கம் மெத்தைக்காரர் நின்றுகொண்டிருந்தார். தலையில் இன்னும் பஞ்சு. கேன்களுக்கு இந்தப் பக்கம் அவர் தம்பி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி நின்றார். நடுவே முழங்கால் உயரத்துக்கு நீலக் கேன், கால் வைக்க இடமில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேன்காரர் குனிந்து, வழியை மறித்த கேனின் கழுத்தில் கையைப் போட்டார்.

"தூக்காதடா" என்றார் அண்ணன். "தையல் பிரிஞ்சிடும். எடு கையை."

கேன்காரர் கையை எடுத்தார்.

மெத்தைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கேனைப் பிடித்தார். பஞ்சு தூக்கிப் பழகின கை. முதல் இழுப்பில் கேன் அசையவில்லை. இரண்டாவது இழுப்பில் அது அவர் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. அவர் அதைக் கட்டிப்பிடித்தபடி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலில் நின்றார்.

"எங்கடா வைக்கிறது?"

கேன்காரர் நகர்ந்து வழி விட்டார்.

"சுவரோரமா வைங்க. அது மேட்டுத் தெருவுக்கு. தனியா இருக்கட்டும்."